கழுகு என்ற சொல்லைக் கொடுத்தது நான்

நவம்பர் 3, திங்கள்

இது போன வருடத்து டைரி. என் வீட்டுக்காரருடைய ஜெராக்ஸ் கடையில் விற்காமல் மிஞ்சியது. "கிழமைய அடிச்சிட்டு எழுது, என்ன இப்போ? எழுதினா உனக்கு மனசு அடங்கும்லா" என்று பையில் வைத்துவிட்டுப் போனார். காலேஜில் மூன்று வருடமும் விடாமல் எழுதியவள்தான். பி.காம். முடித்த பிறகு விட்டுப்போயிற்று.

மகள் பிறந்து ஐந்து நாள் ஆகிறது. ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டாள். எடை ஒரு கிலோ எண்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். நான் இந்தப் பக்கம், தாய்மார் வார்டில், பதினேழாம் கட்டில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் பீய்ச்சிக் கப்பில் கொடுக்க வேண்டும். அதை வாய்க்குழாய் வழியாக இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று விடுவார்கள். எனக்கு இங்கே இருக்கிற ஒரே வேலை அதுதான். அந்த வேலைதான் எனக்கு வரவில்லை. இன்று எட்டுத் தடவை உட்கார்ந்து மொத்தம் ஏழு மில்லி.

ஜெபராணி சிஸ்டர் கப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

உள்ளே ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம். நான் இரண்டு தடவை போனேன். தையல் இழுக்கிறது, நடக்க முடியவில்லை. அதனால்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

நாலு மில்லி.

நவம்பர் 5, புதன்

பதினெட்டாம் கட்டிலுக்கு ஆள் வந்தாயிற்று. பெயர் முப்பிடாதி. முக்கூடல் பக்கத்தில் ஒரு ஊர். பீடி சுற்றுகிறவள். என்னைவிட மூன்று வயது இளையவள். பையன், ஒரு கிலோ நானூற்று இருபது. வந்து அரை மணி நேரத்தில் வார்டிலிருந்த அத்தனை பிள்ளைகளின் எடையும் அவளுக்கு மனப்பாடம்.

பதினொரு மணிக்கு நான் கப்போடு உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, கப்பு வேர்த்திருக்கா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "வரலைன்னா வரலை. ஒனக்கு என்ன?"

"கோவப்படாதிய. கோவப்பட்டா இருக்கதும் உள்ள போயிரும். ஒரு மூணு வார்த்தை சொல்லுங்க."

"என்ன வார்த்தை?"

"என்னமும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கக் கூடாது. பீடி சுத்துத எடத்துல மத்தியானம் ஆச்சுன்னா கண்ணு சொக்கும்லா, கை ஓடாது. அப்பம் ஒருத்தி மூணு வார்த்தை சொல்லுவா. இன்னொருத்தி ஒரு கட்டு முடியதுக்குள்ள அத வச்சுப் பாட்டுக் கட்டணும். கட்டாதவ எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும். இங்கன பீடிக்குப் பதிலா கப்பு, அவ்வளவுதான்."

அவளை வாயடைக்க வேண்டும் என்றே சொன்னேன். "டிரான்ஸ்பார்மர். முறுக்கு. தாசில்தார்."

ஒரு கையால் தன் கப்பைப் பிடித்துக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு கச்சேரிக்காரி மாதிரி தொண்டையைச் செருமினாள்.

"டிரான்ஸ்பார்மர் மேல குந்தி
தாசில்தாரு முறுக்கு தின்னாரு;
கடக்குன்னு சத்தம் கேட்டு
கரண்டாபீசு கதவ அடச்சது;
போனது கரண்டா, பல்லா?
போயிக் கேளு, மனு குடு!"

தையல் பிய்ந்துவிடும்போல் சிரித்தேன். வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயிற்றைப் பிடிப்பதா கப்பைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. சிரித்து முடித்துக் கீழே பார்த்தால் கப்பில் பன்னிரண்டு மில்லி.

ஜெபராணி சிஸ்டரிடம் கேட்டேன், சிரித்தால் பால் வருமா என்று. "பதட்டத்துல இறங்காதும்மா. மனசு லேசானா இறங்கும். அது உள்ளதுதான்" என்றார். பிறகு முப்பிடாதியைப் பார்த்து, "ஆனா மெதுவாச் சிரிக்கணும். இது ஆஸ்பத்திரி" என்றார். அவர் வாயும் கோணிக்கொண்டுதான் இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

சட்டங்கள் போட்டாயிற்று. நான்தான் போட்டேன். ஒன்று, மூன்று வார்த்தையும் பாட்டில் வந்தே தீர வேண்டும். இரண்டு, கப்பு முடிவதற்குள் முடிக்க வேண்டும். மூன்று, ஊசி, குழாய், மருந்து என்று ஆஸ்பத்திரி வார்த்தை எதுவும் கூடாது. தோற்றவள் மற்றவளுக்கு வெந்நீர் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

மூன்று நாளாக நான்தான் வெந்நீர் பிடிக்கிறேன். இன்றைக்குத்தான் முதல்முறை முழுதாகக் கட்டினேன். அவள் கொடுத்தது வெங்காயம், ஹெல்மெட், கடல்.

"ஹெல்மெட்டு போட்ட வெங்காயம்
கடலைப் பார்க்கக் கிளம்புச்சாம்;
உரிக்க வந்த கையெல்லாம்
ஓரமா நின்னு அழுதுச்சாம்;
ஏன் அழுதன்னு கேட்டாக்க
உப்புக் கூடன்னு கடல் சொல்லிச்சாம்."

"யக்கா, அழுதது கையி. பதில் சொல்லுதது கடலா? கேட்டவனுக்குக் காது அவிஞ்சு போச்சா?"

"அது கவிதை. அப்படித்தான் இருக்கும்."

"காலேஜில இப்படித்தான் சொல்லிக் குடுக்காவளா? அப்பம் எட்டாங்கிளாசோட நின்னது நல்லதாப் போச்சு."

"சரி, நீ பிடிச்சிட்டு வா வெந்நீர்."

"எதுக்கு? கடல் தப்பால்லா பேசியிருக்கு? அதப் பிடிச்சிட்டு வரச் சொல்லுங்க."

கடைசியில் நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். ஆனால் இருபத்தெட்டு மில்லி. மகள் இப்போது தடவைக்கு ஐந்து மில்லி குடிக்கிறாள். குடிக்கிறாள் என்று எழுதுவது சரிதானா தெரியவில்லை. அவள் வாயை அசைப்பதில்லை. பால் தானாகப் போகிறது.

தொட்டுப் பார்க்கலாம் என்றார் சிஸ்டர். கை ஜில்லென்று இருந்தது. நாளைக்குத் தொடுகிறேன் என்றேன்.

நவம்பர் 8, சனி

மழை. உள்ளே போக முடியவில்லை. நடைக்குக் கூரை இருக்கிறது, ஆனாலும் சாரல்.

நவம்பர் 9, ஞாயிறு

இவரும் அத்தையும் வந்தார்கள். அத்தை, இவருடைய அம்மா, கருப்பட்டியும் பூண்டுக் குழம்பும் கொண்டுவந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அத்தை என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் இல்லை, சுபாவமே அப்படி. வார்டில் நாங்கள் சிரிப்பதைக் கதவருகிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். "பிள்ள அங்கன கெடக்கு, இங்கன என்ன சிரிப்பு?" என்றார்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தூக்குவாளியைப் பார்த்துச் சொன்னார்கள்.

நான் கப்பைக் காட்டினேன். முப்பத்து நாலு.

முப்பிடாதியிடம் அவளுடைய வீட்டுக்காரர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். கேரளாவில் கட்டட வேலை, லீவு கிடைக்கவில்லையாம். "வந்து என்ன செய்யப் போறாவ? பால் பீச்சவா?" என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

எடை கூடியிருக்கிறது. ஒரு கிலோ நூற்றுப் பத்து. முப்பிடாதியின் பையன் ஒன்றரைக் கிலோவைத் தொட்டுவிட்டான். அவளை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

தொட்டேன். உள்ளங்காலை. என் சுண்டுவிரல் நீளம் கூட இல்லை. காலை இழுத்துக்கொண்டாள். கூச்சம்போல.

நவம்பர் 12, புதன்

இன்று அவளை என் நெஞ்சில் வைத்தார்கள். உடம்போடு உடம்பு ஒட்டினாற்போல் வைத்து, மேலே ஒரு துணி சுற்றி, சாய்வு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம். கனமே இல்லை. சூடு மட்டும் இருக்கிறது. ஒரு டம்ளர் காப்பியை நெஞ்சில் வைத்தாற்போல.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா தன் பிள்ளைக்குக் கந்தனைப் பற்றி ஏதோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சாமிப் பாட்டும் முழுதாக நினைவுக்கு வரவில்லை. தாசில்தார் முறுக்குத் தின்ற பாட்டைச் சொன்னேன். 'போயிக் கேளு, மனு குடு' என்று வரும்போது அவளுக்கு ஒரு பெருமூச்சு. சிஸ்டர் மானிட்டர் திரையைப் பார்த்துவிட்டு, "மூச்சு நல்லா இருக்கு பாருங்க. அம்மா நெஞ்சுன்னா அப்படித்தான்" என்றார்.

மூன்று மணிக்கு வாங்கிக்கொண்டார்கள். ரவிக்கையை உடனே போட மனமில்லை.

எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். பால் நாற்பது மில்லி.

நவம்பர் 14, வெள்ளி

காலை பத்து மணித் தடவைக்கு நான் கொடுத்த வார்த்தைகள்: ரேஷன்கடை, கழுகு, பவுடர் டப்பா. முப்பிடாதி இந்த முறை யோசிக்கவே இல்லை.

"ரேஷன் கடைக்குப் போன கழுகு
ஒரு கிலோ சீனி கேட்டுச்சாம்;
எடை போட்ட அண்ணாச்சி
எண்பது கிராம் கூடப் போட்டாராம்;
பவுடர் டப்பால அள்ளிக்கிட்டுப்
பறந்து போச்சாம் மேக்கால!"

"ஒரு கிலோ எண்பது கிராமா? ஏட்டி, என் மகளையா சீனின்னு சொல்லுத?"

"பொறவு? ஒங்க மக சீனி, எம் மவன் துவரம்பருப்பு. ரெண்டும் பாமாயிலோட சேத்து இந்த மாசம் போட்டுட்டான்."

வார்டே சிரித்தது. மூலைக்கட்டிலில் இருக்கிற, யாரோடும் பேசாத ஆசிரியை கூடச் சிரித்தாள். நாற்பத்தைந்து மில்லி.

அப்போது சிஸ்டர் வந்து கூப்பிட்டார். கூப்பிட்டதும் ஓடினேன். மகளுக்கு வயிறு கொஞ்சம் உப்பியிருக்கிறது. குடலில் கிருமியாக இருக்கலாம், குறைமாதப் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். பாலை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் பார்த்துவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பார்களாம்.

நவம்பர் 15, சனி

பால் கொடுக்கக் கூடாது. ஆனால் நான் பீய்ச்சுவதை நிறுத்தவும் கூடாது. "நிறுத்துனா வத்திரும். அவ திரும்பக் குடிக்க ஆரம்பிக்கும்போது வேணும்லா?" என்றார் ஜெபராணி சிஸ்டர். பெயர் எழுதி ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள்.

இன்று ஒரு தடவைக்கு அறுபது மில்லி வருகிறது. சிரிக்காமலேயே.

முப்பிடாதி, "மூணு சொல்லவாக்கா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவளும் தன் கப்போடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இவர் மருந்துச் சீட்டோடு மூன்று தடவை ஓடினார்.

நவம்பர் 16, ஞாயிறு

நாலு தடவையும் போனேன். ஐந்தாவது தடவையும் விட்டார்கள். வயிறு பளபளவென்று இருக்கிறது. காலைத் தொட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு எழுபது மில்லி. எழுதி வைத்திருக்கிறேன், நாளைக்கு வேண்டும்.

நவம்பர் 17, திங்கள்

நேற்று சாயந்திரம் ஐந்து பத்துக்கு.

நவம்பர் 18, செவ்வாய்

என்னை மயானத்துக்குக் கூட்டிப் போகவில்லை. பெற்றவள் போகக் கூடாதாம். இவர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனார், இவருடைய சித்தப்பா கூடப் போனார். திரும்பி வந்து குளித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அங்கன ஒரு நோட்டுல பேர் எழுதணும்னு கேட்டான். பேரு வைக்கலையேன்னு சொன்னேன். சும்மா எதையாவது சொல்லுங்கன்னான்."

"என்ன சொன்னீங்க?"

"வடிவோட பொண்ணுன்னு எழுதிக்கோன்னு சொல்லிட்டேன்."

வார்டில் எங்களுக்குள் அவளுக்குச் சீனி என்று ஒரு பெயர் இருந்ததை நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டு வந்த கதையையும் எழுதிவிடுகிறேன். கையெழுத்துப் போட நான்கு காகிதம். நான்காவதை ஜெபராணி சிஸ்டர் தனியாக எடுத்து வைத்திருந்தார். "ஃபிரிட்ஜில நீங்க குடுத்தது இருக்கும்மா. பால் வங்கிக்கு எடுத்துக்கலாம்னு சம்மதம் இருந்தா மட்டும். இல்லாட்டியும் ஒண்ணும் இல்ல." போட்டேன். முழுப் பெயரும் எழுதினேன், சண்முகவடிவு என்று. பேங்க் பாரத்தில் போடுகிற மாதிரி.

முப்பிடாதி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை, தோள் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. அவள் மகனுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த எண்ணைக் கேட்க என்னால் முடியாது என்று நினைத்தேன்.

நவம்பர் 19, புதன்

நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. கையைத் தூக்க முடியவில்லை. காய்ச்சல் மாதிரி இருக்கிறது. உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது தன்பாட்டுக்கு விழித்துக்கொள்கிறது.

இவர் சாயந்திரம் கடையிலிருந்து வரும்போது நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தார். தாழ்வாரத்தில் நின்று இலைப் பொட்டலத்தை நீட்டினார். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. பொட்டலத்தைப் பிடுங்கி அவர் மேலேயே எறிந்தேன். "தலைல வச்சிக்கிட்டு எங்க போகணும்? சினிமாவுக்கா? நாலு நாள் ஆகலை, பூ வாங்கிட்டு வாறீங்களே, மனுஷன்தானா நீங்க?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார். "அம்மா வாங்கிட்டு வரச் சொன்னா... எதுக்குன்னு நான் கேக்கல..." என்றார்.

அத்தை வந்து கீழே சிதறிய பூவைப் பொறுக்கினார்கள். என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள்.

"தலைக்கு இல்லட்டி. பால் வத்ததுக்கு."

ரவிக்கையைக் கழற்றச் சொன்னார்கள். பூச்சரத்தைச் சுருட்டிச் சுருட்டி இரண்டு பக்கமும் வைத்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். "வாடினதும் சொல்லு. மாத்தணும். ஒரு வாரத்துக்கு வைக்கணும்." விரல் ஒருமுறை கூட நடுங்கவில்லை. இதை முன்னாலேயே செய்தவர்களின் கை அது.

அவர்களுக்கு இவர் ஒரே பிள்ளை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு" என்றார். அவருடைய சட்டைப் பையில் இரண்டு மொட்டு கிடந்தன.

நவம்பர் 21, வெள்ளி

பூ. மூன்றாவது தடவை. வீடெல்லாம் கல்யாண வீடு மாதிரி மணக்கிறது. இந்த மணத்தை இனி எந்த விசேஷத்தில் எப்படித் தாங்கப் போகிறேன்.

நவம்பர் 22, சனி

பதினாலாம் தேதி எழுதியதில் ஒன்று பொய். கூப்பிட்டதும் ஓடினேன் என்று எழுதியிருக்கிறேன். ஓடவில்லை. சிஸ்டர் வந்து தோளைத் தட்டினார். "பதினேழு, ரெண்டு தடவை கூப்பிட்டேன், கேக்கலையா?" என்றார். கேட்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நிமிஷத்தில் எதுவும் மாறியிருக்காது. டாக்டர் சொன்னார், கிருமி முந்தின நாளே உள்ளே இருந்திருக்கும் என்று. நான் படித்தவள், எனக்குப் புரிகிறது.

ஆனால் காலேஜில் பொதுத்தமிழ் வகுப்பில் மேடம் ஒருநாள் சொன்னார்கள். பாட்டின் முதல் சொல் மங்கலமாக இருக்க வேண்டும், ஆகாத சொல் விழுந்தால் பாடப்பட்டவருக்கு ஆகாது, அறம் வைத்துப் பாடினால் ஆளே போய்விடுவார் என்று புலவர்களுக்கு ஒரு பயம் உண்டு என்று. பின்பெஞ்சில் நாங்கள் அடக்க முடியாமல் சிரித்தோம். "அப்ப எதிரி நாட்டுக்கு நாலு புலவர அனுப்பினாப் போதுமே" என்று நான்தான் கிசுகிசுத்தேன்.

இப்போது அந்தப் பாட்டு விடாமல் ஓடுகிறது. பவுடர் டப்பாவில் அள்ளிக்கொண்டு பறந்து போச்சாம். பத்து மணிக்குப் பாடினாள். பத்து இருபதுக்கு வயிறு உப்பியிருக்கிறது என்றார்கள். பாடியது அவள். கழுகு என்ற சொல்லைக் கொடுத்தது நான். குருவி என்று கொடுத்திருக்கலாம். ரெண்டாவதாகக் கழுகைத் தவிர உலகத்தில் எத்தனையோ சொல் இருக்கிறது.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. இவரிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப் போவார்.

நவம்பர் 24, திங்கள்

முப்பிடாதி இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

துணி மடித்தேன். அரிசி புடைத்தேன். வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரை வாரியலால் தள்ளினேன். செய்ய வேண்டாம் என்றார்கள் அத்தை. சும்மா இருந்தால் மணியைப் பார்க்கிறேன்.

நவம்பர் 25, செவ்வாய்

ஜெபராணி சிஸ்டரிடமிருந்து போன். தையலை எப்போது காட்டப் போகிறேன் என்று கேட்டார். வைக்கும்முன், "பதினெட்டாம் நம்பருக்குப் பால் நின்னு போச்சும்மா. நீங்க போன அன்னைல இருந்து. பயம். பிள்ளைக்கு வங்கிப் பால்தான் போகுது. அதுவும் குறைவாத்தான் இருக்கு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுதான்..." என்றார்.

"பிள்ளை?"

"இருக்கான். எடை ஏறல. ரெண்டு நாளா அம்பது கிராம் இறங்கியிருக்கு."

எனக்கு முதலில் வந்தது என்ன என்று எழுத மாட்டேன். இரண்டாவதாகத்தான் வருத்தம் வந்தது.

நவம்பர் 27, வியாழன்

மத்தியானம் மூன்று மணி. இவர் கடையில். அத்தை பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் கட்டிய பூ நெஞ்சில் இருந்தது. இன்று கடைசி, இனி வேண்டியிருக்காது என்று சொல்லியிருந்தார்கள். முப்பிடாதியின் போன் வந்தது. எடுத்தேன்.

அந்தப் பக்கம் வார்டுச் சத்தம், யாரோ பிளாஸ்டிக் வாளியை இழுக்கிறார்கள்.

"யக்கா."

"ம்."

"நான் அந்தப் பாட்ட..."

அவளால் முடிக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதினோரு நாளாக அவளும் அதையேதான் எண்ணிக்கொண்டிருக்கிறாள். பொதுத்தமிழ் படிக்காமலேயே.

"பறந்து போச்சுன்னு நான் ஏங்க்கா பாடுனேன்? நடந்து போச்சுன்னு பாடியிருந்தா என்னா? என் நாக்குல பாம்பு புடுங்க. எம் மவனுக்கும் அதுல பருப்புன்னு பேரு வச்சேன், அவனும் இப்பம் எறங்கிட்டே வாரான்..."

"நிறுத்துட்டி."

என் குரல் எனக்கே அத்தை குரல் மாதிரிக் கேட்டது.

"பாட்டுக்கு அவ்வளவு சக்தி இருந்தா அந்தத் தாசில்தாருக்கு இந்நேரம் பல்லு போயிருக்கணும். போச்சா? விசாரிச்சியா?"

நான் சொன்னதை நானே நம்பினேனா என்று கேட்டால், அந்த நிமிஷத்துக்கு நம்பினேன்.

"கப்பு எங்க?"

"இங்கனதான். காஞ்சு கெடக்கு."

"கைல எடு. மூணு வார்த்தை சொல்லுதேன். கொடிக்கயிறு. போலீஸ். இட்லித்தட்டு."

"யக்கா, வேண்டாம்க்கா..."

"தோத்தா வெந்நீர் யார் பிடிக்கிறது? நான் இங்க இருந்து பஸ் பிடிச்சு வரணுமா?"

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தோடு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஆரம்பித்தாள்.

"இட்லித்தட்டத் திருடிப்புட்டு
ஓடிப் போன போலீசு
கொடிக்கயித்துல மாட்டிக்கிட்டுக்
கும்புட்டாரு..."

"யாரைக் கும்பிட்டாரு?"

"தெரியலக்கா. மாட்டிக்கிட்டாரு, அதுக்கு மேல வரல."

"துணி காயப்போட வந்த அம்மாவை. கும்பிட்டு என்ன சொன்னாரு?"

"என்ன சொன்னாரு?"

"'கைது பண்ணு தாயே, ஆனா
சட்னி வச்சுக் கைது பண்ணு!'"

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் நினைத்தேன். "யக்கா, தேங்காச் சட்னியா, தக்காளிச் சட்னியாக்கா?" என்றாள். "எஃப்.ஐ.ஆர்.ல என்ன எழுதியிருக்கோ அது" என்றேன். அவ்வளவுதான். அங்கே அவள், இங்கே நான். வாயைப் பொத்திக்கொண்டேன், அடங்கவில்லை. கண்ணிலிருந்து கொட்டுகிறது, மூச்சு திணறுகிறது, சட்னி என்று அவள் திரும்பச் சொல்கிறாள், மறுபடியும் வருகிறது.

திடீரென்று அவள் சொன்னாள்: "யக்கா, வருது. வருதுக்கா. ரெண்டு கையும் வேணும், போன வச்சிருதேன்."

வைத்துவிட்டாள்.

எனக்கும் வந்திருந்தது. எட்டு நாள் பூவுக்கும் இறுக்கிக் கட்டிய துணிக்கும் அடங்கியிருந்தது. துணி நனைந்து, ரவிக்கை நனைந்து, வயிறு வரைக்கும் சூடாக வழிந்தது. கையால் அழுத்திப் பிடித்தேன். நிற்கவில்லை. எந்தப் பெட்டிக்கு, எந்தக் கப்பில் கொடுக்க என்று அதற்கு யார் சொல்வது.

பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. அத்தை நிலையில் வந்து நின்றார்கள். கையில் சாம்பல் ஈரம்.

"யாருட்டி சிரிச்சது?"

பொய் சொல்ல நினைத்தேன். டி.வி. என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் பதினோரு நாளாக யாரும் டி.வி. போடவில்லை.

"நான்தான் அத்தை."

என் ரவிக்கையைப் பார்த்தார்கள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார்கள். கூழாகிப்போன பூ மடியில் விழுந்தது. அதை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டார்கள், குழந்தையைத் துடைக்கிற மாதிரி மெதுவாக. பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள்:

"ஏ பூக்காரி, போயிராத. இன்னும் ரெண்டு முழம்."